கமர்கட் பிஸ்கட்

முப்பதைத் தாண்டியதுமே காதோரத்தில் சாயம் பூச ஆரம்பித்துவிட்ட நம் வயதுக்காரர்களுக்கு மழைக்கு முந்தைய அந்த மாதங்கள் நினைவிருக்கும். அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த சமயம். பிள்ளை பிடிக்கிற கூட்டம் நம் பக்கம் இறங்கியிருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஐஸ் விற்கிறவன் மாதிரி வருவான், சேலை விற்கிறவள் மாதிரி வருவாள், மிட்டாய் கொடுப்பாள், அதை வாயில் போட்ட பிள்ளை அவள் பின்னாலேயே போய்விடும் என்றார்கள். இருக்கன்குடி கோயில் கூட்டத்தில் ஒரு பிள்ளையைக் காணோம் என்றார்கள். எங்கேயோ ஒரு வேனை நிறுத்திப் பார்த்தால் சாக்குக்குள் பிள்ளைகள் இருந்தன என்றார்கள். சொன்ன ஒருவரும் நேரில் பார்த்தவரில்லை. காலையில் பிரேயரில் டீச்சரும் சொல்லிவிட்டார். டீச்சர் வாயிலிருந்து வந்த பிறகு அது எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பதைப் போல உண்மையாகிவிட்டது.

எங்கள் வீடு திருத்தங்கல் ரோட்டை ஒட்டிய காம்பவுண்டில் இருந்தது. ஒரே சுவரில் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். தீபாவளி சீசன் என்பதால் பெரியவர்கள் எல்லோரும் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள். அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி செருகப் போனாள். விடிந்ததும் வேன் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். அப்பா வேறொரு கம்பெனியில் மணி மருந்து உருட்டுகிறவர். வானத்தில் போய்ப் பூவாக விரிகிறதே, அந்த நிறமெல்லாம் பட்டாணி அளவு உருண்டைகளில்தான் அடங்கியிருக்கிறது. அதற்குத்தான் மணி மருந்து என்று பேர். பச்சையோ சிவப்போ, எரியாதவரைக்கும் எல்லாம் சாம்பல் நிறம்தான். அப்பாவின் விரல்களும் அந்த நிறம்தான். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.

பள்ளிக்கூடம் விட்டதும் பால்வாடியிலிருந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னலை ஒருக்களித்து, அம்மாவின் வேன் ஹாரன் கேட்கும்வரை இருவரும் உள்ளேயே இருப்போம். தூரத்தில் எங்கேயாவது 'டம்' என்று கேட்டால் ஜன்னல் இடுக்கு வழியாக வானத்தைப் பார்ப்பேன். மேகம் இருந்தால் இடி. மேகம் இல்லாவிட்டால் அம்மா பக்கமா அப்பா பக்கமா என்று சத்தம் வந்த திசையை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு பயமே எனக்குப் போதும். பிள்ளை பிடிக்கிற பயம் அதன் மேல் வந்து ஏறிக்கொண்டது.

அப்படி ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. தம்பி பசிக்குது என்று அழுதான். யாரோ கதவைத் தட்டினார்கள்.

"கண்ணு, கதவத் தொறங்க. பக்கத்து வீட்டு அக்காதானுங்க."

எங்கள் ஊரில் பிள்ளைகளை யாரும் 'வாங்க போங்க' என்று கூப்பிட மாட்டார்கள். அந்த மரியாதையைக் கேட்டதுமே பிள்ளை பிடிக்கிறவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நான் தம்பியின் வாயைப் பொத்தினேன். அடுத்து ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை நுழைந்தது. தட்டு நுழையாததால் கையிலேயே இரண்டு பிஸ்கட்டை நீட்டினாள். தம்பி என் கையைக் கடித்துவிட்டு ஓடிப்போய் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"அக்கா, உள்ள மிட்டாய் இருக்குக்கா."

மிட்டாயை வெளியே காட்டாமல் மாவுக்குள் ஒளித்துக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் இதைச் சொல்லவில்லையே. அம்மா வரும்வரை அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இப்போது எழுந்து போவான், இப்போது போவான் என்று பார்த்தேன். அவன் என் மடியில் தலை வைத்துத் தூங்கிப் போனான். வாயோரத்தில் மிட்டாய்ப் பாகு ஒட்டியிருந்தது.

அவள் குன்னூர்க்காரி. எங்களுக்குக் குன்னூர் என்றால் என்னவென்று தெரியாது, ஊட்டிக்காரக்கா என்றோம். அவள் வீட்டுக்காரரைக் காலண்டர் பிரஸ்ஸில் நாலு கலர் மெஷின் ஓட்டக் கூப்பிட்டு வந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் ஒரு பேக்கரியில் பிஸ்கட் அடுக்கும் வேலை பார்த்தவள். எங்கள் ஊர் வெயிலும் எங்கள் ஊர்ப் பேச்சும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களிடம் பேசக் கூச்சம். பிள்ளைகளிடம் கூச்சமில்லை.

அவள் வீட்டுக்குப் போகட்டுமா என்று அம்மாவிடம் கேட்டபோது முதலில், "பாவம், தனியா கெடக்கா. போய் இருந்துட்டு வா. நாலு சுவத்துக்குள்ள ஒத்தையில கெடக்குறதுக்கு அது மேலு," என்றாள். அதனால் போக ஆரம்பித்தோம்.

ஒரு பெரிய இட்லிக் கொப்பரையில் ஆற்று மணலைப் பரப்பி அடுப்பில் ஏற்றுவாள். மணல் காய்கிற வாசம், முதல் மழைத்துளி விழுந்த தெருவின் வாசத்தில் பாதி. மைதாவும் டால்டாவும் பொடித்த சீனியும் சேர்த்துப் பிசைந்த மாவை எங்கள் கையில் உருட்டத் தருவாள். ஊரிலிருந்து கொண்டுவந்த டாஃபி தீர்ந்துபோனதும், "இங்கே நல்ல மிட்டாய் எது கண்ணு கிடைக்கும்?" என்று கேட்டாள். தம்பி பெட்டிக்கடைக்குக் கூட்டிப்போய்க் கமர்கட்டைக் காட்டினான். அம்மிக் குழவியால் கமர்கட்டைத் தட்டித் துண்டாக்கி, ஒரு துண்டை மாவுக்கு நடுவில் வைத்து மூடி, டம்ளரின் அடிப்பக்கத்தால் லேசாக அழுத்துவாள். தட்டில் அடுக்கி மணல் மேல் வைத்து மூடி, மூடியின் மேலேயும் கொஞ்சம் கங்கு போடுவாள். வெந்து வரும்போது மேலே மொறுமொறுவென்று இருக்கும். கடித்தால் தேங்காயும் வெல்லமும் இளகிப் பல்லில் ஒட்டி இழுக்கும். நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் தம்பி ஒருநாளும் தின்றதில்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. உருண்டையாக எதைப் பார்த்தாலும் உடைத்துப் பார்ப்பான். பன்னை நடுவில் பிய்ப்பான். கொய்யாக்காயைத் தோண்டுவான். ஒருமுறை களிமண் கோலிக்காயைக் கடித்தே பார்த்தான். நாங்கள் சிரித்தோம்.

எதிர்வீட்டு அத்தை ஒருநாள் குழாயடியில் அம்மாவிடம் சொன்னாள்.

"நான் சொல்லுதேன்னு நெனைக்காத. பிள்ளை இல்லாதவ எதுக்கு ஊரான் பிள்ளைகளைக் கூப்பிட்டு வச்சுத் தீனி போடுதா? அதுவும் மாவுக்குள்ள ஒளிச்சு வச்சுல்ல குடுக்கா. என்னத்த வச்சுக் குடுக்கான்னு யாரு கண்டா?"

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். குடத்தை இறக்கி வைத்ததும் என்னைக் கூப்பிட்டு, "இனி அங்கன காலை வச்சே, ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்," என்றாள். அம்மாவுக்கு அத்தை சொன்னதில் நம்பிக்கை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. நம்பாமல் விட்டுவிட்டு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அவளுக்குப் பயம். அந்த வருசம் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நான் உலை வைக்க அரிசி களைந்துகொண்டிருந்தபோது தம்பி நழுவி ஊட்டிக்காரக்கா வீட்டுக்குப் போய்விட்டான். நான் போய் இழுத்து வருவதற்குள் கையில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருந்தான். "நீங்களும் எடுத்துக்கோங்க கண்ணு," என்றாள் அக்கா. வேண்டாம் என்று தலையசைத்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் ஏதோ காதில் விழுந்திருக்க வேண்டும்.

அவனை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நான் குழாயடியில் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். தண்ணீர் நூலாக வந்தது. குடம் நிறைந்து நான் திரும்பி வரும்போது அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தரையெல்லாம் வாந்தி.

"அக்கா, வாய் மதமதங்குது."

"எந்திரிலே. வாயைக் கழுவு."

எழ முயன்றான். கால் இரண்டும் அவனுடையவை இல்லாததைப் போல வழுக்கின. திரும்பவும் முயன்றான். பிறகு என்னைப் பார்த்து, அழாமல், "கால் வர மாட்டேங்குதுக்கா," என்றான். அவன் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

யாரைக் கூப்பிடுவது? காம்பவுண்டில் பெரியவர்கள் என்று பகலில் இருப்பவள் அவள் ஒருத்திதான். பிஸ்கட்டால்தான் இப்படி ஆனது என்று நினைத்துக்கொண்டே அந்தப் பிஸ்கட் கொடுத்தவளிடமே ஓடினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். செருப்புகூடப் போடாமல் ஆட்டோ நிற்கிற மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினாள். தம்பியின் தலை அவள் முதுகில் இப்படியும் அப்படியும் ஆடியது. நான் பின்னால் ஓடினேன்.

ரோட்டில் அம்மாவின் கம்பெனி வேன் வந்து நின்றது.

வேனிலிருந்து இறங்கிய பெண்கள் என்ன பார்த்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். துவண்டுபோன ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியூர்க்காரி ஒருத்தி வெறுங்காலோடு ஓடுகிறாள். பின்னால் அக்காக்காரி அழுதுகொண்டே வருகிறாள். அத்தனை நாளாக எதைக் கேட்டுக் கேட்டுப் பயந்தார்களோ, அது அப்படியே கண் முன்னால் நடந்தது.

"ஏ, என் பிள்ளைய எங்கடி தூக்கிட்டுப் போற?"

அம்மாவின் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் பாய்ந்து தம்பியைப் பிடுங்கினாள். வேறு யாரோ ஊட்டிக்காரக்காவின் முடியைப் பிடித்தார்கள். "ஆஸ்பத்திரிக்குங்க, ஆஸ்பத்திரிக்கு," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாருக்கும் காதில் ஏறவில்லை.

அம்மா என் தோளை உலுக்கினாள். "என்னத்தடி தின்னான்? சொல்லு."

"அக்கா வீட்ல பிஸ்கட் தின்னான்."

நான் சொன்னது உண்மைதான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா கூட்டத்துக்குள் மறைந்துபோனாள். பெண்களின் கைகள் மட்டும் ஏறி இறங்குவது தெரிந்தது. வெடிமருந்து படிந்த, வெள்ளி மின்னுகிற கைகள். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டெட்டால் வாசமும் யாரோ தின்று போட்ட ஆரஞ்சுத் தோல் வாசமும் கலந்து அடித்தது. தம்பியைக் கட்டிலில் கிடத்தினார்கள். அதற்குள் யாரோ போன் போட்டு அப்பாவும் மொபெட்டில் வந்துவிட்டார். கம்பெனி உடுப்போடு, மூச்சு வாங்க, கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்.

டாக்டரம்மா தம்பியின் கையைத் தூக்கி விட்டார். கை பொத்தென்று விழுந்தது.

"பிஸ்கட்டுக்கு இப்படி வராது. வேற என்ன சாப்பிட்டான்? வீட்டுல பூச்சி மருந்து, எலி மருந்து இருக்கா?"

"இல்லைங்கம்மா," என்றாள் அம்மா.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க? வெடி மருந்து எதுவும் வீட்டுல வச்சிருக்கீங்களா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்து, "அதெல்லாம் இல்லைங்க," என்றார்.

அம்மா முந்தானையை நனைத்துத் தம்பியின் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் சாம்பல் நிறம் இறங்கியது. அம்மா அதைக் கவனித்தாளா, தெரியாது. அப்பா கவனித்தார். தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால்தான் நின்றேன். தம்பியின் விரலில் இருந்த அதே நிறம் என் கண்ணுக்கு நேராக, அப்பாவின் விரல்களில் இருந்தது. எனக்கு முழுதாக ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அப்பாவும் பயந்துபோயிருக்கிறார் என்பது விளங்கியது. அப்பா பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை. கம்பெனியில் வெடித்தபோதுகூட அவர் பயந்து வந்ததில்லை.

தம்பியின் மூச்சு, ஓடி வந்தவனின் மூச்சைப் போல மேலோட்டமாகிக்கொண்டே போனது.

அப்போதுதான் ஊட்டிக்காரக்காவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஜாக்கெட் கை கிழிந்திருந்தது. உதடு வீங்கியிருந்தது. எதிர்வீட்டு அத்தை பிஸ்கட் டப்பாவை டாக்டரம்மா மேசையில் வைத்து, "இதாங்கம்மா. இதுல என்னமோ வச்சுக் குடுத்துருக்கா," என்றாள்.

"என்னம்மா போட்டே இதுல?" என்றார் டாக்டரம்மா.

"மைதா, டால்டா, சீனி, சோடா உப்பு. நடுவில் கமர்கட்டுங்க. வேற ஒண்ணுமில்லைங்க."

"பொய்யி," என்றாள் அத்தை.

அக்கா டப்பாவைத் திறந்தாள். ஒன்றை எடுத்துத் தின்றாள். வீங்கிய உதட்டோடு மெல்ல முடியாமல் மென்றாள். இன்னொன்றை எடுத்தாள். யாரும் தின்னச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. தண்ணீர் இல்லாமல் தொண்டையில் அடைத்தது. இருமினாள். இருமிவிட்டு மூன்றாவதை எடுத்தாள். கண்ணீர் மாவில் விழுந்தது.

"இன்னும் எத்தனை தின்னா நம்புவீங்கன்னு சொல்லுங்க. தின்னுடறேன். அந்தப் பிள்ளைய மட்டும் பாருங்க, அது மூச்சு ஒரு மாதிரி வருதுங்க."

அவள் நாலாவதுக்குக் கையை நீட்டியபோது அப்பா வந்து டப்பாவை மூடினார். முதுகுக்குப் பின்னால் இருந்த கை அப்போதுதான் வெளியே வந்தது.

"மணி மருந்துங்கம்மா," என்றார். "வீட்ல வச்சிருந்தேன். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால. தீவாளிக்கு அவனுக்கு ஒரு பூச்சட்டி வாணம் செஞ்சு குடுக்கலாம்னு கொஞ்சங் கொஞ்சமா எடுத்துட்டு வந்தேன்."

"என்ன கலர்?"

"பச்சை."

டாக்டரம்மா எழுந்துவிட்டார். "இதை வந்த உடனே சொல்றதுக்கு என்ன? பச்சைக்குப் போடுற மருந்து முதல்ல காலைப் பிடிக்கும், அப்புறம் மூச்சைப் பிடிக்கும். தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டபடியே நர்ஸைக் கூப்பிட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஏதோ உப்புக் கரைசலை இறக்கினார்கள். மதுரைக்கு வண்டி சொன்னார்கள். வண்டியில் அம்மா மட்டும் ஏறினாள். ஏறும்போது அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு என்னைச் சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஊட்டிக்காரக்காவிடம் ஒருத்திகூட எதுவும் சொல்லவில்லை. அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, தனியாக நடந்து போனாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். முதலில் கைக்குத் தெம்பு வந்தது, அப்புறம் கால். என்னை மதுரைக்குக் கூட்டிப்போன அன்று அவன் படுத்தபடியே என் காதைக் கிட்டே இழுத்து, "அக்கா, பெட்டிக்குப் பின்னால உருண்டையா இருந்துச்சு, பிஸ்கட்டு மாதிரின்னு நெனச்சேன். உள்ள மிட்டாய் இருக்கும்னு கடிச்சேன். ஒண்ணுமே இல்ல," என்றான். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் யாருடைய முடியையாவது பிடிப்பார்கள் என்று பயந்தேன். அவனுக்கே இப்போது அது ஞாபகமில்லை.

அப்பாவை ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்து அனுப்பினார்கள். கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து லாரி ஷெட்டில் காலண்டர் பண்டல் லோடு ஏற்றப் போனார். அவருடைய விரல்கள் மெல்ல மெல்ல மற்றவர்களின் விரல்களைப் போல ஆயின. அம்மா அவரோடு மறுபடி பேச ஆரம்பித்தது எப்போது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நல்லவர்தான் அப்பா. பிள்ளை மேல் உயிரை வைத்திருந்தவர்தான். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் இருக்கிறதே, என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் இன்றைக்கும் அது என் முன்னால் வந்து நிற்கிறது.

காலண்டர் சீசன் முடியாமல் ஊட்டிக்காரக்காவின் வீட்டுக்காரர் ஊருக்குக் கிளம்ப முடியவில்லை. அதனால் அவளும் பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். ஜன்னல் சாத்தியே கிடந்தது. மணல் காயும் வாசம் வரவில்லை. குழாயடிக்கு எல்லோரும் போய் வந்த பிறகுதான் வருவாள்.

தம்பி நடக்க ஆரம்பித்த வாரத்தில் ஒருநாள் அம்மா அவளுக்காகவே குழாயடியில் காத்திருந்தாள். நானும் தம்பியும் கூட நின்றோம்.

"நான் செஞ்சது தப்புத்தான். என்னைய நாலு வார்த்தை வைஞ்சிருங்க. நீங்க ஒண்ணும் சொல்லாம இருக்கீக, அதுதான் என்னால தாங்க முடியல," என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லைங்க," என்றாள் அக்கா. குடம் பாதிகூட நிறையவில்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தம்பி நொண்டி நொண்டி ஓடிப்போய் அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டான். "எப்பக்கா பிஸ்கட்டு?" என்றான்.

குடம் நழுவிக் கீழே விழுந்து உருண்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டாள். பிள்ளையைத் தான் தொடவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி, அம்மா வந்து அவனைப் பிரித்து எடுக்கும்வரை, அப்படியே நின்றாள்.